தோட்டப்புறக் கோழிக்கூண்டுக்குச் சூரிய ஒளியால் காற்றும் வெப்பமும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

லயன் வீடுகளில் குடியிருந்த காலத்தில் கோழிக்கூண்டுக்குக் காற்றாடி வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. பால்மர நிழலும் செம்பனை நிழலும் கூண்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தன. கோழிகளும் பகல் முழுவதும் வெளியில் மேய்ந்துவிட்டு அடைவதற்கு மட்டுமே கூண்டுக்குத் திரும்பின. இன்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பலர் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய இடத்தில், மரமே இல்லாத வெயிலில், தகரக் கூரை போட்ட கூண்டில் பத்துப் பன்னிரண்டு கம்பத்துக் கோழிகளை நாள் முழுவதும் அடைத்து வைக்கிறோம். சூரிய மின்சாரம் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்படும் கோழி வளர்ப்புக் குறிப்புகள் கூண்டைச் சூடாக்குவதைப் பற்றியே மிகுதியாகப் பேசும். அவற்றை அப்படியே இங்கே கடைப்பிடித்தால் கோழிகள் செத்துப்போகும். கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால், வாயைத் திறந்து மூச்சிரைப்பதாலும், இறக்கையைத் தளர்த்திக் காற்றுப்பட நிற்பதாலுமே அது பெரும்பாலும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வளர்ந்த கோழி ஒன்றின் உடலிலிருந்து சுமார் 10 வாட் வெப்பம் இடைவிடாது வெளியேறுகிறது; அப்படியானால் பன்னிரண்டு கோழிகள் அடைந்த கூண்டில், இரவு முழுவதும் நூறு வாட் விளக்கு ஒன்றுக்கும் சற்று அதிகமான வெப்பம் உண்டாகிறது என்று பொருள். 1998ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவானபோது, வெளிக்காற்றும் கோழியின் உடலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்திருக்கும். ஆகவே நம் கூண்டில் பெரிய கோழிகளுக்கு வேண்டியது காற்று. வெப்பம் வேண்டியது, தாயில்லாத குஞ்சுகளுக்கு முதல் இரண்டு மூன்று வாரங்களில், அதுவும் இரவிலும் மழை நாளிலும் மட்டுமே. கேமரன் மலையில் குடியிருப்பவர்கள்கூட வளர்ந்த கோழிகளுக்குச் சூடேற்ற வேண்டியதில்லை. சாரலும் ஈரமும் படாமல் காத்தாலே அங்குள்ள குளிரை அவை தாங்கிக்கொள்ளும்.

முதல் படி: மின்சாரம் இல்லாமலே குறைக்கக்கூடிய சூட்டைக் குறைத்தல்

சோலார் தகடு வாங்குவதற்கு முன் கூண்டைத் திருத்துங்கள். கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். நடுப்பகலில் தகரக் கூரை கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, அந்தச் சூட்டைக் கீழே உள்ள கோழிகளின் முதுகில் கொட்டும் என்பதால், தகரத்தின் மேற்புறத்தில் வெள்ளைச் சாயம் பூசுவதும், அதற்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டு மெல்லிய பலகையோ அத்தாப்போ அடிப்பதும் எந்தக் காற்றாடியையும்விட அதிகப் பயன் தரும். அந்த இடைவெளியின் இரு முனைகளையும் அடைத்துவிடாதீர்கள். சூடான காற்று அதன் வழியே வெளியேற வேண்டும்.

கூரையின் உச்சியில் ஒரு திறப்பும் தரையை ஒட்டி ஒரு திறப்பும் இருந்தால், சூடான காற்று மேலே போகப் போகக் குளிர்ந்த காற்று கீழிருந்து தானே உள்ளே வரும். திறப்புகளுக்கு அரை அங்குலப் பற்றுவைத்த கம்பிவலை அடிக்க வேண்டும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, முசாங்கையோ மலைப்பாம்பையோ வெளியே வைத்திருக்காது. இடத்தைப் பொறுத்தவரை, கோழி ஒன்றுக்கு நாலு சதுர அடி என்ற கணக்கில் எட்டடிக்கு ஆறடிக் கூண்டில் பன்னிரண்டு கோழிகளுக்கு மேல் போகாதீர்கள். நெரிசலை எந்தக் காற்றாடியாலும் சரிசெய்ய முடியாது. தாமானில் இருப்பவர்கள், எத்தனை கோழி வைத்துக்கொள்ளலாம், கூண்டு வேலியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதை உள்ளூர் மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: பகல் காற்றாடி

புதியவர்கள் இந்த ஒரு படியோடு தொடங்கி, சில மாதம் பழகிய பிறகு அடுத்ததற்குப் போகலாம் என்பது என் கருத்து. பலருக்கு இதுவே போதுமானதாகவும் இருந்துவிடும். இதற்கு பேட்டரி தேவையில்லை. வெயில் ஏறும்போதுதான் கோழிக்குக் காற்று வேண்டியிருக்கிறது, வெயில் ஏறும்போதுதான் தகடும் மின்சாரம் தருகிறது. தேவையும் வரவும் ஒரே நேரத்தில் வருவதால், இடையில் சேமித்து வைக்க ஒன்றும் இல்லை.

வாங்க வேண்டியவை மூன்று: 30 அல்லது 40 வாட் சோலார் தகடு, 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் சுமார் 15 வாட்டில் சுழலும் பன்னிரண்டு அங்குலக் காற்றாடி, தகட்டுக்கும் காற்றாடிக்கும் இடையில் வைக்க ஒரு மின்னழுத்தம் குறைக்கும் கருவி. மூன்றாவது பொருளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘12 வோல்ட் தகடு’ என்று விற்கப்படுவது, இணைப்பு இல்லாத நிலையில் வெயிலில் 21, 22 வோல்ட் வரை காட்டும். வேலை செய்யும்போதும் அது 18 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். அதை நேராகக் காற்றாடியில் கொடுத்தால் சில நாள் வேகமாகச் சுற்றிவிட்டுச் சுருள் கருகிவிடும். குறைக்கும் கருவியின் வெளியீட்டை மீட்டர் வைத்து 12 வோல்ட்டுக்குத் திருகி நிறுத்திய பிறகே காற்றாடியை இணைக்க வேண்டும். காற்றாடியின் தேவையைவிட இரு மடங்கு பெரிய தகடு எதற்கு என்று கேட்கலாம். மேகம் வந்து தகட்டின் வரவு பாதியாகக் குறையும்போதும் காற்றாடி திக்கித் திக்கி நிற்காமல் ஓடுவதற்கே அந்த மிச்சம்.

காற்றாடியை எங்கே வைப்பது என்பதில் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். நாலு பக்கமும் கம்பிவலை அடித்த திறந்த கூண்டின் உச்சியில், காற்றை வெளியே இழுக்கும் காற்றாடி ஒன்றைப் பொருத்தினேன். அது மும்முரமாகச் சுழன்றது, ஆனால் கோழிகள் மூச்சிரைத்துக்கொண்டே இருந்தன. ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது: காற்றாடி தனக்கு மிக அருகில் இருந்த வலையின் வழியே காற்றை எடுத்து, அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, கோழிகள் நின்ற இடத்தில் புகை அசையக்கூட இல்லை. திறந்த கூண்டில் பகல் காற்றாடியைக் கோழிகளின் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஓரடி ஒன்றரையடி உயரத்தில், அவற்றின் மேல் காற்று குறுக்காக ஓடும்படி வைக்க வேண்டும். வெளியே காற்று வழக்கமாக எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அதே பக்கத்திலிருந்து வீசும்படி வையுங்கள். எதிர்த்து வீசினால் இரண்டும் வீணாகும். முன்னும் பின்னும் காப்பு வலை அவசியம். அலகை நீட்டிப் பார்க்காத கோழியை நான் கண்டதில்லை.

மூச்சிரைப்பு கடுமையாகும் நாட்களில் கோழிகளின் மேல் தண்ணீர் தெளிக்கத் தோன்றும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் அந்தத் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. கீழே விரித்த உமியை நனைத்து, அம்மோனியா நெடியையும் குஞ்சுகளின் கழிச்சலையும்தான் கூட்டும். அதற்குப் பதிலாகக் கூரைத் தகரத்தின் மேல் தண்ணீரை ஓடவிடுங்கள். வெயிலில் காயும் தகரத்திலிருந்து அது உடனே ஆவியாகிச் சூட்டை எடுத்துச் சென்றுவிடும்.

மூன்றாம் படி: தகட்டை நிறுத்துதல்

சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 4.8 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கிலும், மற்ற மாதங்களில் தெற்கிலும் நிற்கும். எனவே தகடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பற்றி இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. தட்டையாக வைத்தாலும் மின்சாரம் வரும். ஆனால் முற்றிலும் தட்டையாக வைத்தால் மழைநீர் தேங்கி ஓரங்களில் பாசி படியும் என்பதால் பத்துப் பாகை சாய்வு கொடுங்கள்.

கவலைப்பட வேண்டியது நிழலைப் பற்றி. தகட்டின் உள்ளே இருக்கும் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் ரம்புத்தான் கிளையின் நிழலே வரவில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, நண்பகல், மாலை நாலு மணி என மூன்று முறை நின்று பார்த்து, மூன்று முறையும் நிழல் விழாத இடத்தில் சுண்ணாம்பால் குறி போடுங்கள். மேற்குக் கரையில் விடியலுக்கு முன் திடீரென்று அடிக்கும் சுமத்ராக் காற்று, சரியாகக் கட்டாத தகட்டைக் கூரையோடு பெயர்த்துவிடும். கம்பிகொண்டு கட்டுவது போதாது. அலுமினியச் சட்டத்தைக் கூரையின் மரச் சட்டம் வரை இறங்கும் திருகாணிகளால் இறுக்க வேண்டும்.

நான்காம் படி: இரவுக்கான பேட்டரி இணைப்பு

மழை இரவுகளில் கூண்டின் பக்கங்களில் கேன்வாஸை இறக்கிவிடுவோம். அப்போது உள்ளே மூச்சின் ஈரமும் எச்சத்தின் அம்மோனியாவும் தங்கிவிடுகின்றன. காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிகிறது என்றால், கோழிகளின் மூச்சுக்குழாய் இரவெல்லாம் அதைவிட மோசமாக எரிந்திருக்கும். பக்கங்களை மூடிய கூண்டில்தான் உச்சியில் வைக்கும் இழுப்புக் காற்றாடி தன் வேலையைச் சரியாகச் செய்யும்: எதிர்ப்பக்கத்தில் தரையை ஒட்டி, காற்றாடியின் வாய் அளவுக்குக் குறையாத ஒரு திறப்பை மட்டும் விட்டுவைத்தால், காற்று கீழே நுழைந்து கூண்டு முழுவதையும் கடந்து மேலே வெளியேறும். கணினியில் இருக்கும் ஐந்து அங்குலக் காற்றாடி போன்றவை இரண்டு போதும். ஒவ்வொன்றும் 3 வாட் அளவே இழுக்கும்.

கணக்கைப் பார்ப்போம். இரண்டு காற்றாடிகள் 12 மணி நேரம் ஓடினால் 72 வாட் மணி. குஞ்சுப் பெட்டியை (ஐந்தாம் படியில் வருகிறது) சூடாக்கும் 20 வாட் விளக்கு, விட்டு விட்டு எரிந்து மொத்தம் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 100 வாட் மணி. ஆக ஓர் இரவுக்கு 172. நம் வானிலையில் 100 வாட் தகட்டுக்கு நாளொன்றுக்கு நாலு மணி நேர முழு வெயில் என்று அடக்கமாக எடுத்துக்கொண்டு, இழப்புகளுக்கு முப்பது விழுக்காட்டைக் கழித்தால் 280 வாட் மணி கிடைக்கும். 12 வோல்ட், 30 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 380 வாட் மணி அடங்கும்; அதில் எண்பது விழுக்காட்டைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ இரண்டு இரவுகளைத் தாக்குப்பிடிக்கலாம். ஈய பேட்டரி வாங்குபவர்கள் அதன் கொள்ளளவில் பாதியை மட்டுமே எடுக்க வேண்டியிருப்பதால், அதே வேலைக்கு 50 ஆம்பியர் மணி தேவைப்படும்.

கார் பேட்டரியை வாங்காதீர்கள். வண்டியைக் கிளப்ப ஒரு நொடி பெருமின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளால் செய்யப்பட்ட அது, இரவு தோறும் அடிவரை வற்றவிட்டால் சில மாதங்களில் உயிரை விட்டுவிடும். மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிய பழைய கார் பேட்டரி தீபாவளி வரைகூட வரவில்லை.

இணைக்கும் வரிசை முக்கியம். தகட்டிலிருந்து பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைச் சீராக்கும் மின்னூட்டக் கட்டுப்பாட்டுக் கருவியில் முதலில் பேட்டரியையும், அதன் பிறகே தகட்டையும், கடைசியில் காற்றாடி, விளக்கு ஆகியவற்றையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலில் கழற்ற வேண்டும். பேட்டரி இல்லாமல் தகட்டை மட்டும் இணைத்தால், தகட்டின் உயர்ந்த மின்னழுத்தம் சில கருவிகளைக் கெடுத்துவிடும். லித்தியம் பேட்டரியாக இருந்தால், அந்த வகை கருவியின் அமைப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பதால் இதைப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரியின் இரு முனைகளும் தவறுதலாகத் தொட்டுக்கொண்டால் கம்பி செந்தழலாகிக் கூண்டே பற்றிக்கொள்ளும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைக்க வேண்டும். கம்பி தடிமனாக இருக்கட்டும்: பத்து மீட்டர் தொலைவுக்கு அரை சதுர மில்லிமீட்டர் கம்பியில் 3 ஆம்பியர் ஓடினால் போக வர இரண்டு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டாது. பேட்டரியையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் கூண்டுக்கு வெளியே, நிழலில், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். கூண்டினுள் இருக்கும் அம்மோனியா செம்பு முனைகளைப் பச்சையாக அரித்துவிடும்.

ஐந்தாம் படி: குஞ்சுகளுக்குச் சூடு

அடைக்கோழி பொரித்த குஞ்சுகளுக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தாயின் இறக்கைக்கு நிகரான கருவி இல்லை. வாங்கிவந்த குஞ்சுகளுக்கும் பொரிப்பான் குஞ்சுகளுக்கும்தான் சூடு வேண்டும். முதல் வாரம் 32 முதல் 35 பாகை, பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நம் ஊரில் நண்பகல் காற்றே 32, 33 பாகை இருப்பதால், பகலில் குஞ்சுகளுக்கு வெளிக்காற்றே போதும். இரவில் 23, 24 பாகைக்கு இறங்கும்போதுதான் இடைவெளி தெரியும். மூன்றாவது வாரத்தில் அந்த இடைவெளியும் சுருங்கிவிடும்.

வெயிலை மின்சாரமாக மாற்றிச் சேமித்து, பிறகு வெப்பமாக்குவது சுற்றுவழி. சோலார் தகடு தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். பத்து லிட்டர் தண்ணீர் 55 பாகையிலிருந்து 35 பாகைக்கு ஆறும்போது வெளியிடும் வெப்பமோ சுமார் 230 வாட் மணி. நம் பேட்டரியின் பாதிக்கும் மேல். அந்தத் தண்ணீருக்கு விலையுமில்லை, ஆயுள் குறைவுமில்லை.

சந்தையில் மீன்காரர்கள் எறியும் வெள்ளை நுரைப்பெட்டி இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்றின் உட்புறத்தில் கறுப்புச் சாயம் பூசிய மெல்லிய தகரத்தைப் பொருத்தி, மேலே பழைய சன்னல் கண்ணாடியை மூடியாக வைத்து ஓரங்களை ஒட்டிவிட்டால் வெயில் அடுப்பு தயார். இரண்டடிக்கு இரண்டடிக் கண்ணாடி கிடைத்தால் நல்லது. நுரைப்பெட்டி அதற்குச் சிறியதாக இருந்தால் பலகையில் அடித்து, உள்ளே நுரைத்துண்டுகளைப் பதியுங்கள். கறுப்புச் சாயம் பூசிய ஐந்து லிட்டர் கெட்டிக் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பிக் காலை ஒன்பது மணிக்கு உள்ளே வைத்தால், நல்ல வெயில் நாளில் மாலை மூன்று மணிக்குள் தண்ணீர் 55 பாகையை எட்டும். கனிமநீர் வரும் மெல்லிய பாட்டில்கள் இந்தச் சூட்டில் நெளிந்துவிடும், அவை வேண்டாம். மாலையில் ஒரு கேனைச் சாக்கில் சுற்றிக் குஞ்சுப் பெட்டியின் ஒரு மூலையில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். மற்றதை இரண்டாவது நுரைப்பெட்டியில் மூடி வைத்து நடுநிசியில் மாற்றுங்கள்.

குஞ்சுப் பெட்டி இருபத்தைந்து குஞ்சுகளுக்கு நாலடிக்கு மூன்றடி இருக்கலாம். மூலைகளை அட்டையால் வளைத்து மூடிவிடுங்கள். குளிர்ந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியிலுள்ளவை நசுங்கும். மழை பிடித்துத் தண்ணீர் சூடாகாத நாளுக்கு 20 வாட் விளக்கைத் தெர்மோஸ்டாட்டோடு (சூட்டைப் பார்த்து விளக்கைத் தானே ஏற்றி அணைக்கும் கருவி) மாட்டிவைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் உணரி குஞ்சின் முதுகு உயரத்தில், விளக்கின் நேரடிச் சூடு படாத இடத்தில் தொங்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் விளக்கை எரியவிட்டு ஒரே இரவில் எட்டுக் குஞ்சுகளைப் பறிகொடுத்தவன் நான். அவை குளிரில் சாகவில்லை. ஒதுங்க இடமில்லாமல் சூட்டில் செத்தன. அதனால் பெட்டியின் ஒரு பாதியையாவது எப்போதும் சூடில்லாமல் விட்டுவையுங்கள்.

வெப்பமானி காட்டுவதைவிடக் குஞ்சுகள் காட்டுவதை நம்புங்கள். விளக்கடியில் கூட்டமாக நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர். விலகி ஓரங்களில் வாய் திறந்து நின்றால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பகல் காற்றாடியின் திசையை உடனே பாருங்கள். பரவலாகப் படுத்துச் சத்தமில்லாமல் இருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

ஆறாம் படி: பராமரிப்பு

இறகுத் தூசியும் தவிட்டுத் தூசியும் காற்றாடி இதழ்களில் அப்பிக்கொள்ளும். பதினைந்து நாளுக்கொரு முறை காய்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். தகட்டை விடியற்காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். நண்பகல் சூட்டில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். பல்லி முட்டையிட்டுவிட்டுப் போவது மட்டுமல்ல, சமயத்தில் முனைகளுக்கு நடுவே கருகியும் கிடக்கும். கம்பி நுழையும் துளைகளைச் சிலிகோனால் அடைத்துவிடுங்கள். இடிமின்னல் வலுக்கும் மாலைகளில் தகட்டின் இணைப்பைப் பிரித்துவைப்பது நல்லது.

அக்டோபர் நவம்பர் மழை மாதங்களிலும், 2015ஆம் ஆண்டில் பார்த்ததுபோல் புகைமூட்டம் வாரக்கணக்கில் வானை மறைக்கும் காலத்திலும் தகட்டின் வரவு சுருங்கும். அப்போது எதை முதலில் நிறுத்துவது என்பதை முன்பே முடிவுசெய்து, பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள். குஞ்சு இருக்கும்போது விளக்குக்கு முதலிடம். இரவுக் காற்றாடி இரண்டில் ஒன்றை நிறுத்தலாம். குஞ்சு இல்லாத மாதத்தில் விளக்கை மின்சுற்றிலிருந்தே கழற்றிவிட்டு, இரண்டு காற்றாடிகளையும் ஓடவிடுங்கள். பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கேன்வாஸை மழை அடிக்காத பக்கத்தில் ஒரு முழம் தூக்கிக் கட்டுங்கள். மறுநாள் வெயில் வரும் வரை அது போதும்.